மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டி: சிறு அலுவலகங்களுக்கு மெய்நிகர் மேசைக்கணினி

(பாளையங்கோட்டையில் இ-சேவை மையம் நடத்துவோர், வரி ஆலோசகர்கள், சிறு நிறுவன உரிமையாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘டெஸ்க்டாப் வெர்ச்சுவலைசேஷன்’ என்று தலைப்பைப் பார்த்ததும், இது கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காவில் பேச வேண்டிய பேச்சு, நம்ம கடைக்கு என்ன சம்பந்தம் என்று சில அண்ணாச்சிமார் நினைச்சிருப்பீங்க. சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்ல 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கிடுவோம்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மூலைக்கரைப்பட்டியில் 61. ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டினது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூணு அணைத் தண்ணியும், காட்டு ஓடைத் தண்ணியும் சேர்ந்து தாமிரபரணியில் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட மாட்டிக்கிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளயும் தண்ணி வந்தது. இதெல்லாம் நீங்க பார்த்தது. எனக்குச் சொல்ல வேண்டியது வெள்ளம் வடிஞ்ச பிறகு உள்ள கதை.

ஷட்டரைத் திறந்தா முதல்ல சேறு. நாற்காலியைக் கழுவிக் காய வைக்கலாம். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கே, நாம சி.பி.யு. என்று சொல்றது, அதுதான் அலுவலகத்திலேயே தரைக்கு மிக அருகில் இருக்கிற பொருள். அலுவலகத்திலேயே விலை போட முடியாத பொருளும் அதுக்குள்ளதான் இருக்கு. வாடிக்கையாளரோட அஞ்சு வருஷக் கணக்கு, ரிட்டர்ன், பத்திர நகல், ஸ்கேன் பண்ணின சான்றிதழ். ஒன்றரை அடி தண்ணி போதும். யோசிச்சுப் பார்த்தா, இவ்வளவு முக்கியமான பொருளை இவ்வளவு தாழ்ந்த இடத்தில் வைக்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியலை. பணப்பெட்டியை யாரும் தரையில் வைக்கிறதில்லை.

குறுக்குத்துறை முருகன் கோயிலை எல்லாருக்கும் தெரியும். ஆத்துக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வரும் என்று தெரிஞ்சேதான் கட்டியிருக்காங்க. மூலவர் பாறையோட இருக்கார், அவரை அசைக்க முடியாது. ஆனா தண்ணி ஏறுது என்றால் உற்சவரையும் உண்டியலையும் எடுத்து மேலக்கோயிலுக்குக் கொண்டுபோயிருவாங்க. வெள்ளம் வடிஞ்சதும் கழுவி விட்டு, திரும்ப வழிபாடு நடக்கும். எது நகராது, எதை நகர்த்தணும், எங்க கொண்டுபோகணும் என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருக்காங்க. நம்ம அலுவலகத்தில் அந்த முடிவை யாரும் எடுக்கலை. எடுக்க ஒரு வழிதான் இன்னைக்குப் பேசப்போற விஷயம்.

மேசைக்கணினி என்று நாம சொல்றது உண்மையில் ரெண்டு சமாசாரம். ஒண்ணு, நாம பார்க்கிற திரை, தட்டுற விசைப்பலகை, அசைக்கிற மவுஸ். இன்னொண்ணு, உள்ளே ஓடுற இயங்குதளம், மென்பொருள், கோப்பு எல்லாம். முதலாவது மேசையில் இருந்தே ஆகணும். ரெண்டாவது மேசையில் இருக்கணும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. அதை ஒரு சர்வரில் வச்சுட்டு, அங்கே என்ன நடக்குதோ அதோட படத்தை மட்டும் மேசைக்கு அனுப்பலாம். நீங்க தட்டுற எழுத்து சர்வருக்குப் போகுது, மாறின படம் திரும்பி வருது. மேசையில் இருக்கிற சின்னப் பெட்டிக்கு ‘தின் கிளையன்ட்’ என்று பெயர். அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது, பெரும்பாலும் ஃபேனும் கிடையாது. தூசி ஏறி நிக்கிற பிரச்சினை இல்லை. தண்ணியில் போனாலும் போறது ஒரு பெட்டி, கணக்கு இல்லை.

இது நேத்து வந்த யோசனை இல்லை. ஒரே பெரிய கணினியைப் பல ஆளுக்குத் தனித்தனிக் கணினி மாதிரிக் காட்டுறதை ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே செஞ்சுட்டது; 1972-இல் வி.எம்./370 என்று விற்பனைக்கே வந்தது. அப்புறம் தனிக்கணினி மலிவாச்சு, ஆளுக்கு ஒண்ணு வாங்கினோம். இப்போ பராமரிப்புச் செலவும் பாதுகாப்புக் கவலையும் சேர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே வர்றோம்.

இதில் ரெண்டு விதம் இருக்கு, குழப்பிக்கக்கூடாது. ஒரே இயங்குதளத்தில் பத்து பேர் தனித்தனி லாகின் போட்டு வேலை பார்க்கிறது ஒரு விதம். ஒரே வீட்டில் பத்து அறை மாதிரி. செலவு குறைவு, ஆனா ஒருத்தர் வீட்டையே கலக்கினா எல்லாருக்கும் தொல்லை. இன்னொரு விதம், சர்வருக்குள்ளேயே ஆளுக்கு ஒரு முழுக் கணினியை மென்பொருளால் உண்டாக்கிக் கொடுக்கிறது. இதைத்தான் வி.டி.ஐ. என்பாங்க. பத்து தனி வீடு. பாதுகாப்பு கூட, செலவும் கூட. பத்து பேருக்குக் கீழ் உள்ள அலுவலகத்துக்கு முதல் விதமே போதும் என்பது என் கருத்து. விற்க வர்றவங்க ரெண்டாவதைத்தான் முதல்ல காட்டுவாங்க.

தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. நினைவகம் வேணும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. பத்து மெய்நிகர் கணினிக்கு 40. சர்வர் தனக்குன்னு எடுத்துக்கிறது ஒரு 8 என்று வைங்க. 48 ஆச்சு. 64 போட்டு வாங்கணும். ‘எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கவா போறாங்க, 32 போதும்’ என்று சொல்ற ஆளும் உண்டு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கு, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை. மேல்மடைக்காரர் அளவோட எடுத்தால்தான் கடைமடைக்குத் தண்ணி. எல்லாரும் ஒரே நாளில் மடையைத் திறந்தா என்ன ஆகும்? அலுவலகத்தில் அந்த நாள் தினமும் வருது, காலையில் பத்து மணிக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் கணினியைத் திறப்பாங்க. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் போட்ட சர்வர் அங்கேயே திணறிப் போகும். அதனால நினைவகத்தில் மிச்சம் பிடிக்காதீங்க, எஸ்.எஸ்.டி. இல்லாம வாங்காதீங்க.

மின்சாரம் மிச்சமாகும் என்று விளம்பரத்தில் போடுவாங்க. பாதி உண்மை. மானிட்டரை விட்டுட்டு, சாதாரணக் கணினி ஒண்ணு 100 வாட் என்று வச்சுக்கிட்டா, பத்து கணினி எட்டு மணி நேரத்துக்கு 8 யூனிட். தின் கிளையன்ட் 10 வாட் என்றால் பத்துக்கும் சேர்த்து 0.8 யூனிட். சர்வர் 250 வாட் என்று எடுத்தா எட்டு மணி நேரத்துக்கு 2 யூனிட். மொத்தம் 2.8. நல்ல லாபம்தான். ஆனா சர்வரை ராத்திரியும் ஓட விட்டா அதுக்கு மட்டும் 6 யூனிட், மொத்தம் 6.8 ஆயிரும். மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே போச்சு. உண்மையான லாபம் வேற இடத்தில் இருக்கு. கரண்ட் போனா பத்து கணினிக்கும் யு.பி.எஸ். தாங்காது, சின்னப் பெட்டிகளையும் ஒரு சர்வரையும் ஒரு நல்ல யு.பி.எஸ். ரொம்ப நேரம் தாங்கும்.

இ-சேவை மையம் நடத்துற தங்கச்சிமார், தம்பிமார் இங்க நிறைய இருக்கீங்க. உங்க நிலைமை கொஞ்சம் வேற. நீங்க போடுற விண்ணப்பம் எல்லாம் இணையதளத்தில் ஏறி அரசு சர்வருக்குப் போயிருது. மேசையில் வேணுங்கிறது ஒரு பிரவுசர் மட்டும். அப்போ உங்ககிட்ட என்ன தங்குது? ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்க. ஆதார் நகல், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், கைபேசி எண், சில சமயம் கடவுச்சொல் எழுதின நோட்பேடு கோப்பு கூட. வாசலில் வந்து நின்ன ஒவ்வொரு குடும்பத்தோட வாழ்க்கையும் அதில் இருக்கு. அந்தக் கணினியை நாளைக்குப் பழைய விலைக்குப் போட்டா, வாங்குறவர் கையில் எல்லாம் போகும். வெள்ளத்தில் அழிஞ்சு போறதை விட இது மோசம் என்று நான் நினைக்கிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினா அபராதத்தோட உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். அது உச்ச வரம்புதான், சின்னக் கடைக்கு அவ்வளவு போடுவாங்க என்று பயமுறுத்தலை. ஆனா சட்டம் உங்களையும் சேர்த்துத்தான் பேசுது.

மெய்நிகர் மேசையில் இதுக்கு அழகான வழி ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவை லாகின் பண்ணும்போதும் புதுசாத் துடைச்சு வச்ச மேசை வரும். லாக் அவுட் பண்ணினதும் அதில் இருந்த எல்லாம் அழிஞ்சுரும். வச்சுக்க வேண்டியது எதுவோ அதை மட்டும் தனி இடத்தில் சேமிக்கச் சொல்லலாம். சிலேட்டு மாதிரி. ஒருத்தர் வேலை முடிஞ்சதும் துடைச்சுட்டு அடுத்தவருக்கு எழுதுறோம்.

இப்போ விற்பனைக்காரங்க சொல்லாத விஷயத்துக்கு வர்றேன். கைரேகைக் கருவி. ஆதார் கைரேகை எடுக்கிற கருவிக்கு ‘ஆர்.டி. சர்வீஸ்’ என்று ஒரு மென்பொருள் போடுறோம் இல்லையா? பிரவுசர் அதை இணையத்தில் தேடுறதில்லை. தான் ஓடுற அதே கணினிக்குள்ள, 127.0.0.1 என்ற முகவரியில் தேடுது. மெய்நிகர் மேசையில் பிரவுசர் ஓடுறது சர்வரில். கருவி செருகியிருக்கிறது உங்க மேசையில். பிரவுசர் சர்வருக்குள்ளேயே தேடிட்டு ‘கருவி இல்லை’ என்று சொல்லிரும். யு.எஸ்.பி.யை அப்படியே சர்வருக்குக் கடத்துற வசதி இருக்கு, ஆனா எல்லாக் கருவிக்கும் ஒழுங்கா வேலை செய்யாது. ஜி.எஸ்.டி. தளத்தில் கம்பெனிகளுக்குக் கையெழுத்துப் போடுற டி.எஸ்.சி. டோக்கனுக்கும் இதே சங்கதிதான். அதனால பணம் கொடுக்கிறதுக்கு முந்தி, உங்க கடையில் இருக்கிற அதே கருவியைச் செருகி, ஒரு வேலையை முழுசா முடிச்சுக் காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா கைரேகைக்கு மட்டும் ஒரு சாதாரணக் கணினியைத் தனியா வச்சுக்கோங்க. அதில் ஒண்ணும் கேவலம் இல்லை.

தமிழ் தட்டச்சுலயும் ஒரு சிக்கல். உங்க மேசையில் ஒரு தமிழ் விசைப்பலகை மென்பொருள், சர்வரில் இன்னொண்ணு என்று ரெண்டும் ஓடினா, ‘க’ அடிச்சா வேற எதுவோ வரும். சர்வரில் மட்டும் போடுங்க. எழுத்துருவும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏத்துக்கிட்டது. ஆனாலும் பாமினியிலயும் வானவில்லிலயும் அடிச்ச பழைய கோப்பு இல்லாத அலுவலகம் உண்டா? ஒவ்வொரு கணினியிலயும் எழுத்துரு போட்டுக்கிட்டு அலையிறதுக்குப் பதிலா, சர்வரில் ஒரு தடவை போட்டா எல்லா மேசையிலயும் தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே நன்றி சொல்ற டைப்பிஸ்ட் அக்காமார் இருப்பாங்க.

டாலி வச்சிருக்கிறவங்க உரிமத்தைப் பாருங்க. சில்வர் ஒருத்தருக்கு, கோல்டு பல பேருக்கு. சர்வரில் ஒரு சில்வரைப் போட்டு அஞ்சு பேர் பார்க்கலாம் என்று நினைக்கக்கூடாது. விண்டோஸும் அப்படியே. சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் லாகின் பண்ணலாம். அதை ஒட்டுப்போட்டுப் பல பேர் நுழையிற மாதிரி மாத்தித் தர்ற ஆளுங்க ஊரில் இருக்காங்க. அது உரிம மீறல், அடுத்த அப்டேட்டில் நின்னும் போகும். சர்வர் விண்டோஸ் வாங்கினா, அதுக்கு மேல ஆளுக்கு ஒரு உரிமமும் வாங்கணும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை கேட்கணும்.

பெரிய கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி ஒரே மென்பொருளில் மாட்டிக்கிறதுலயும் ஆபத்து உண்டு. இந்தத் துறையில் பல வருஷமா முன்னணியில் இருந்த வி.எம்.வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிச்சு. அடுத்த மாசமே ஒரு தடவை வாங்கி வச்சுக்கிற உரிமத்தை நிறுத்தி, சந்தா முறைக்கு மாத்திட்டாங்க. மெய்நிகர் மேசைப் பிரிவைத் தனியா வித்தாச்சு. அது இப்போ ஆம்னிசா என்ற பெயரில் நடக்குது. உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களே செலவுக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாச்சு. லினக்ஸில் கே.வி.எம். என்ற வசதி 2007-லிருந்தே இயங்குதளத்தோட சேர்ந்தே வருது. அதை வச்சு ஓடுற பிராக்ஸ்மாக்ஸ் மாதிரி திறமூல மென்பொருள் இருக்கு. மென்பொருள் காசு கிடையாது. அதைப் பார்த்துக்கிற ஆளுக்குத்தான் காசு.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறதுக்கும் இது உதவும். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற ஒரு கணக்குப் பார்க்கிற தங்கச்சி, தினமும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறாம, வீட்டிலிருந்தே ஜங்ஷன் ஆபீஸ் மேசையைத் திறந்து வேலை பார்க்கலாம். கோப்பு வீட்டுக்குப் போகாது, படம்தான் போகும். போய்வர்ற நேரம் 150 மில்லி நொடிக்குள் இருந்தா எழுத்து வேலை தொந்தரவு இல்லாம நடக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை. சுலபமா இருக்கட்டும் என்று ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை நேரடியா இணையத்துக்குத் திறந்து விட்டுப் போற டெக்னீஷியன்கள் இருக்காங்க. அது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்போட வாசல். அந்த வாசல் எங்கெங்க திறந்திருக்கு என்று தேடிக்கிட்டே இருக்கிற திருடங்க உலகம் முழுக்க உண்டு. உள்ளே வந்து கோப்பை எல்லாம் பூட்டிட்டுப் பணம் கேட்பாங்க. வி.பி.என். வழியா மட்டும்தான் உள்ளே விடணும், கடவுச்சொல்லோட ரெண்டாவது சரிபார்ப்பும் வேணும். இன்னைக்கே உங்க ஆளுக்கு போன் போட்டு ‘3389 திறந்திருக்கா’ என்று கேளுங்க.

சரி, சர்வரை எங்க வைக்கிறது? இதுதான் வெள்ளத்தோட கேள்வி. பத்து பெட்டியில் இருந்த ஆபத்தை ஒரே பெட்டியில் குவிச்சாச்சு. அது போனா பத்து பேரும் சும்மா உட்காரணும். சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்தா வெள்ளப் பயம் இல்லை. ஆனா 2023-இல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் கைபேசி சிக்னலே இல்லாம நாள் கணக்கில் இருந்தாங்களே, அந்த நாட்களில் அந்த மேசையும் திறந்திருக்காது. இதை மறைச்சு விற்கக்கூடாது. வித்தியாசம் என்னன்னா, லைன் திரும்பி வந்த அன்னைக்கு, பக்கத்து ஊரில் ஒரு பழைய லேப்டாப்பைக் கடன் வாங்கி உட்கார்ந்தா, விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். நாலு நாள் வேலை போகும். அஞ்சு வருஷக் கணக்கு போகாது. வெள்ளத்துக்கு அப்புறம் நிவாரணத்துக்கும், காப்பீட்டுக்கும், தொலைஞ்ச சான்றிதழுக்கும் உங்க வாசலில்தான் ஜனங்க வந்து நிப்பாங்க. அந்த வாரத்தில் உங்க மேசை திறக்குதா இல்லையா என்பது உங்க வியாபாரப் பிரச்சினை மட்டும் இல்லை.

உள்ளூரிலேயே சர்வர் வைக்கிறவங்க மாடியில் வைங்க. நகல் இன்னொரு ஊரில் இருக்கணும். ‘ஏரல்ல மச்சான் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கு’ என்றால் அது வேற ஊர், ஆனா அதே ஆறு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாத்தையும் ஒரே தண்ணிதான் தொடுது. ஆத்தை விட்டு மேட்டுக்குப் போனாலும், அன்னைக்குக் கோவில்பட்டியையும் நாகர்கோவிலையும் மழை விட்டு வைக்கலை. மாவட்டம் தாண்டி, வடிநிலம் தாண்டி இருக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு நீட்டிப்பு இருந்தாலும் அது தற்காலிகம். பழைய கணினி பலதிலும் விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 கிடையாது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கணுமா? 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி. நின்னப்போ தமிழ்நாடு அரசு, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸை அலுவலகங்களில் போடச் சொன்னது. அதே யோசனை இப்பவும் உதவும். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, அதையே தின் கிளையன்ட்டா மாத்திரலாம். படத்தைக் காட்டுறதுக்குப் பெரிய சக்தி வேண்டியதில்லை. ஒரே ஒரு வேலை, பழைய ஹார்டு டிஸ்க்கை முதல்ல கழட்டி எடுத்து, உள்ளே இருக்கிறதை முறையா அழிச்சிருங்க.

பேச்சை முடிக்கிறதுக்கு முந்தி ஒரு அக்கா சீட்டில் எழுதி அனுப்பியிருக்காங்க: ‘என்கிட்ட மூணு கணினிதான் இருக்கு, எனக்கும் சர்வர் வேணுமா?’ வேண்டாம், அக்கா. மூணுக்கு சர்வர் போட்டா செலவு தாங்காது. பெட்டிகளை மேசைக்கு மேலே ஏத்துங்க. மூணிலயும் வெளியேறினதும் கோப்பு அழியிற மாதிரி விருந்தினர் கணக்கு ஒண்ணு போட்டு, பொதுமக்கள் வேலையை எல்லாம் அதில் மட்டும் செய்ங்க. உங்க சொந்தக் கணக்கு வழக்கை வெளியூர் நகலோட தனியா வைங்க. புரட்டாசி மாசம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்க. திறக்கலைன்னா மழைக்கு முன்னாடியே சரிசெய்ய அவகாசம் இருக்கும். ஆள் அஞ்சு, ஆறு என்று கூடும்போது வந்து கேளுங்க, அப்போ சர்வர் பத்திப் பேசுவோம்.